வைத்த கறுப்பு

"யோவ், தேங்காய் எண்ணெய் போடாதய்யா!" என்று மர்சலின் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

கூடத்தில் செபமாலை பாதியில் நின்றது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிலில் அவள் அப்பா மரியதாஸ், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, விரல்களுக்கிடையே சிலுவையோடு கிடந்தார். விடியற்காலை ஐந்தே காலுக்கு உயிர் போனது. இப்போது மணி பத்து. அதற்கிடையில் மர்சலின் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் பேச்சு இதுதான்.

"என்னடி இது? பெத்த அப்பன் செத்துக் கிடக்கிறான், எண்ணெய்யப் பத்தி கத்துறே?" என்றாள் தங்கம் அத்தை. மரியதாஸின் அக்கா, தம்பிக்கு முடியவில்லை என்று போன வாரமே திருச்சியிலிருந்து வந்தவள். எழுபது வயதிலும் குரல் மட்டும் குறையவில்லை.

மர்சலின் வாசலுக்குப் போனாள்.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் வண்டி பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மண்ணாங்கட்டி ஒரு கையில் எண்ணெய்ப் புட்டியும் மறு கையில் துணியுமாக, சக்கர வளைவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். மரியதாஸ் கைகால் விழுந்து படுத்த இரண்டு வருஷமாக வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான்.

"இன்னா டீச்சரம்மா, ஊரக் கூட்றே? நைனாவுக்குன்னு ஜானக்கா கையில கெஞ்சி வாங்கியாந்தேன். சுத்தமான எண்ணெ, தலைக்கு வெக்கிறது."

"தலைக்குன்னா தலைக்கு வைய்யா. பிளாஸ்டிக்குக்கு வெச்சா அரை மணி நேரம் பளபளன்னு இருக்கும். அப்புறம் தெருப் புழுதி பூரா வந்து ஒட்டிக்கும். கோயில் போய்ச் சேர்றதுக்குள்ள சேத்துல புரண்ட எருமை மாதிரி நிக்கும்."

"நிக்கட்டுமே. உனுக்கு இன்னா? நீதான் வண்டியே வாணாம்னு சொல்லிக்கினு கீறியாமே."

மர்சலின் அவனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். உண்மைதான். காலையில் கோயிலுக்குச் சீட்டு எழுதி அனுப்பும்போதே, வண்டி வேண்டாம், தூம்பாவில், அந்த மரப் பாடையில், வைத்துத் தோளில் தூக்கிப் போகட்டும் என்று எழுதியிருந்தாள்.

அது பங்குக் கோயிலின் துக்க வண்டி. யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் ஏலம் விட்ட லாரி ஒன்றைப் பழைய சாமியார் ஒருவர் வாங்கி, கூரை போட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்து, சவப்பெட்டி ஏற்ற வழி செய்திருந்தார். அறுபத்து நாலில் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோய், கண்ணாடிகளைச் சுற்றியும் சக்கர வளைவுகளிலும் பின்கதவு ஓரத்திலும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை அடித்து வந்தார்கள். புதுசில் கண்ணைப் பறித்தது. கடற்காற்றும் வெயிலும் சும்மா விடுமா? ஒரே வருஷத்தில் பட்டையெல்லாம் வெளுத்து யானைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. மேலே பெயிண்ட் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், பட்டை வெளிறிக் கிடந்தால் வண்டியே நோயாளி மாதிரி தெரியும்.

அந்தப் பட்டைகளைத் திரும்பக் கறுப்பாக்குவதற்குப் பங்கில் 'கறுப்பு வைக்கிறது' என்று பெயர். வைக்கத் தெரிந்தவர் மரியதாஸ் ஒருவர்தான்.

அந்தக் காலத்தில் அடக்கத்துக்கு முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று இருந்தது. எத்தனை மணி, எத்தனை மெழுகுவர்த்தி, சாமியார் வீடு வரைக்கும் வருவாரா கோயில் வாசலோடு நிற்பாரா, எல்லாம் தரத்தைப் பார்த்துத்தான். பிறகு ரோமாபுரியில் சட்டம் மாறியது. செத்தவர்கள் எல்லோரும் ஒன்று, தரமெல்லாம் கிடையாது என்றார்கள். எல்லோருக்கும் ஒரே மணி, ஒரே மெழுகுவர்த்தி. வண்டியைப் பற்றி ரோமாபுரி ஒன்றும் சொல்லவில்லை. பெரிய வீட்டு அடக்கம் என்றால் செய்தி வந்த கையோடு மரியதாஸ் கறுப்பு வைத்துவிடுவார். மற்றவர்களுக்கு வண்டி இருக்கிறபடி வரும். கேட்டால் நேரம் பத்தாது என்பார். குழாயடியில் பெண்கள், "அவங்க மாமியாருக்குக் கறுப்பு வெச்சாங்களா?" என்றுதான் விசாரிப்பார்கள். பூசை எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பதினொரு மணிக்கு ஆம்ப்ரோஸ் வந்தார். நல்ல மரண சபையின் காரியதரிசி; மர்சலின் மரியாதைக்குப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர். அடக்கம் எதுவானாலும் பெட்டியிலிருந்து குழி வரைக்கும் அவர் ஏற்பாடுதான். கையில் எப்போதும் ஒரு தோல் பை. உள்ளே வந்து மரியதாஸின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு மர்சலினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாலு மணிக்குப் பூசைம்மா. பெட்டி ராயப்பேட்டையிலேர்ந்து வந்துக்கிட்டிருக்கு. அது என்ன, வண்டி வேண்டாம்னியாம்?"

"ஆமா, பெரியப்பா. தூம்பாவுல வெச்சுத் தூக்கிட்டுப் போகட்டும்."

"இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டிய ஓட்டினவன்மா. அவனைத் தூம்பாவுல அனுப்பினா ஊர் என்ன பேசும்?"

"அம்மாவ அப்படித்தானே அனுப்பினாரு. ஊர் என்ன பேசிச்சு?"

ஆம்ப்ரோஸ் தோல் பையின் பக்கிளைத் திறந்து மூடினார். தங்கம் அத்தை எழுந்து வந்துவிட்டாள்.

"செத்தவன்கிட்ட கணக்குத் தீக்கிறியாடி? எட்டு வருஷமா அதையே மென்னுக்கிட்டு இருக்கியே, பல்லு வலிக்கலயா உனக்கு?"

"வலிக்குது அத்த."

"பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு ஆகாதுடி. தம்பிய அம்போன்னு தெருவுல தூக்கிட்டுப் போறத நான் பாக்க மாட்டேன். நான் இப்பவே திருச்சிக்கு ரயிலேறிடுவேன்."

"அத்த, நீங்க போன பெருநாளுக்கும் இதையேதான் சொன்னீங்க."

ஜன்னல் பக்கம் இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினார்.

"தூக்கறதுன்னா எதுலம்மா தூக்கறது? தூம்பாவைக் கரையான் தின்னு மூணு வருஷமாச்சு. இப்ப யார் தூக்கறா? இந்தக் கத்திரி வெயில்ல ஆத்தங்கரைக் கல்லறை வரைக்கும் தோள் குடுக்க ஆறு ஆம்பளைய நீ காட்டு, பார்க்கலாம்."

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஆண்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு ஒரு கண் இல்லை. ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார்.

அதோடு பேச்சு முடிந்தது. வண்டிதான்.

அவள் பின்கட்டுக்குப் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த வீட்டு ஜானு ஒரு டம்ளர் காபியை நீட்டினாள்.

"குடி. வயித்துல ஒண்ணுமில்லாம எப்டி இம்மாம் நேரம் நின்னுக்கினு கீறே? மனசுல கீறது அப்புறம் இருக்கட்டும், மொதல்ல இத்தக் குடி."

காபி கொதிக்கக் கொதிக்க இருந்தது. அவள் அப்படியே குடித்தாள்.

அறுபத்தெட்டு ஜூன் மாதம். அம்மா பியாட்ரிஸ் விடியற்காலையில் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் பெரிய வக்கீல் வீட்டு அம்மாளின் அடக்கம். அதற்காக மரியதாஸ் முதல் நாளே கறுப்பு வைத்து, புழுதி படாமல் வண்டியைத் தார்ப்பாயால் மூடி, கோயில் காம்பவுண்டுக்குள் நிறுத்தியிருந்தார். அம்மாவின் உடம்பு வைத்திருக்கத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் காலை பதினொரு மணிக்கே எடுக்க வேண்டியதாயிற்று. "வண்டி?" என்று மர்சலின் கேட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. "அது இன்னிக்கு நம்மது இல்ல" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அம்மா தூம்பாவில் போனாள். தூம்பா கோயில் காம்பவுண்டைத் தாண்டும்போது தார்ப்பாய் மூடிய வண்டி பக்கத்திலேயே நின்றது. காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை தூக்கியது. அப்பா ஊர்வலத்திலிருந்து விலகிப் போய் அதை இழுத்துக் கட்டிவிட்டு, ஓடி வந்து சேர்ந்துகொண்டார். நாலு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு வக்கீல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

அவர் ஒரு கோழை என்று அன்றைக்கு அவள் முடிவு செய்தாள். பெரிய வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயந்தவர். எட்டு வருஷமாக அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கைகால் விழுந்தபின் மலம் எடுத்தாள். பேச்சு மட்டும் தேவைக்குத்தான். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, வீட்டில் வாய் திறக்காமல் இருப்பது அவளுக்குச் சுலபமாகவே இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் அவர் வலது கை கட்டில் சட்டத்தின்மேல் போய்ப் போய் வந்தது. ஒரே பக்கமாக, அழுத்தி, மெதுவாக. மருந்து கொடுக்க வந்த நர்ஸ், அரிக்கிறது போலிருக்கிறது என்று பவுடர் போட்டாள். மர்சலினுக்கு அது என்னவென்று தெரியும். பட்டையில் துணியை ஓட்டுகிற கை. அவள் பார்ப்பதைப் பார்த்து அவர் கையை நிறுத்தினார். வாய் கோணி ஏதோ சத்தம் வந்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அது அழுகையா, இல்லை விழுந்த பக்கத்துக் கண் எப்போதும் வழிகிற தண்ணீரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

காபியின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது. பயந்த மனிதன் என்றால் என்ன செய்ய முடியும் என்று நினைத்தாள். பயந்தவர்கள் ஊரில் எத்தனை பேர். அவளுமே தலைமையாசிரியைக்குப் பயந்தவள்தான்.

டம்ளரைக் கழுவி ஜானுவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"மண்ணாங்கட்டி, பார் சோப்பும் ரெண்டு வாளி தண்ணியும் கொண்டா. நீ போட்ட எண்ணெய்ய மொதல்ல கழுவணும்."

அவன் துள்ளி எழுந்தான். "கறுப்பு வெக்கப் போறியா டீச்சரம்மா? மெய்யாலுமா?"

"வாயப் பாக்காம போ. பெயிண்ட் கடையில ஆளிவிதை எண்ணெய் கால் லிட்டர் வாங்கு. காய்ச்சினதுன்னு கேட்டு வாங்கு. டர்பன்டைன் ஒரு சின்னப் புட்டி."

"அவ்ளோதானா? இத்த சொல்றதுக்கா ரெண்டு வருசமா நைனா வாயே தொறக்கல?"

"அவருக்கு வாயே இல்லைய்யா."

"வாய் இருந்தப்போவும் சொல்லலியே" என்று சொல்லிக்கொண்டே அவன் ஓடினான்.

சின்ன வயதில் டின்னைப் பிடித்துக்கொண்டு அப்பாவோடு நின்றவள் அவள். எண்ணெய் மூன்று பங்குக்கு டர்பன்டைன் ஒரு பங்கு. பட்டையைச் சோப்புப் போட்டு ஒருமுறை, வெறும் தண்ணீரில் இருமுறை கழுவ வேண்டும். ஓரத்தில்கூட ஈரம் இருக்கக்கூடாது. ஈரத்தின்மேல் வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பழைய பனியன் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, ஒரே திசையில் அழுத்தி ஓட்ட வேண்டும். பிளாஸ்டிக் குடித்ததுபோக மேலே நிற்கிற எண்ணெயைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் பிசுபிசுத்துத் தேங்காய் எண்ணெய் கதைதான். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி. முறையாகச் செய்தால் ஒரு நாள் வேலை. கத்திரி வெயிலில் எல்லாம் சீக்கிரம் காயும் என்பதால் பெட்டி ஏற்றுவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

சுவரோரம் நிழல் விழுந்த இடது பக்கத்தில் ஆரம்பித்தாள். துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். துக்கத்துக்கு வருகிறவர்கள் அவளிடம்தான் முதலில் வந்தார்கள். எண்ணெய்க் கையோடு நின்றவளை என்ன செய்வதென்று தெரியாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

முதல் பூச்சிலேயே சாம்பல் விலகியது. இரண்டாம் பூச்சில் கறுப்பு அடியிலிருந்து எழுந்து வந்தது. கிணற்றுத் தண்ணீர் மாதிரி, பளபளப்பு இல்லாத கறுப்பு. மண்ணாங்கட்டி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"அப்டியே நைனா கை. தபாரு, நீ துணி மடிக்கிறதுகூட அப்டியேதான்."

அவள் துணியை வேறு மாதிரி மடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து தங்கம் அத்தை வந்து பார்த்தாள். விரலால் தொடப் போனாள்.

"தொடாதீங்க அத்த, அச்சு விழும்."

"பாத்தியா, ரத்தம் எங்கடி போகும்?" என்றாள் அத்தை. குரல் உடைந்தது. "இப்பத்தான்டி நீ என் தம்பி மக."

மர்சலின் குனிந்து சக்கர வளைவின் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். கழுவிய பட்டை அங்கேயும் காய்ந்து, கோலப்பொடி தூவினமாதிரி வெளிறி நின்றது. துணியை எண்ணெயில் தொட்டாள்.

"மர்சலின், ஒரு நிமிஷம்மா" என்று ஆம்ப்ரோஸ் வந்தார். கையில் மடித்த காகிதம். "குழிமேட்டுல நாலு வார்த்தை பேசலாம்னு எழுதி வெச்சிருக்கேன். நீ டீச்சர். கேட்டுட்டு, தப்பு இருந்தா சொல்லு."

"படிங்க பெரியப்பா."

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, தெருவே கேட்கிற குரலில் ஆரம்பித்தார். பிறந்த ஊர், வண்டிக்கு வந்த வருஷம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசுவாசிகளை இறுதி இல்லத்தில் சேர்த்த கைகள். அவள் துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னாரின் கடமை உணர்ச்சிக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி. அறுபத்தெட்டாம் ஆண்டு, அவருடைய துணைவியார் பியாட்ரிஸ் அம்மாள் இறைவனடி சேர்ந்த அதே நாளில் வக்கீல் ஐயா வீட்டிலும் அடக்கம். வக்கீல் ஐயாவே ஆள் அனுப்பி, 'முதலில் உன் மனைவியை வண்டியில் கொண்டுபோ, பிறகு எங்களுக்கு வந்தால் போதும்' என்று பெருந்தன்மையோடு கூறியபோதும், வைத்த கறுப்பு கெட்டுவிடும் என்று மறுத்து, சொந்த மனைவியைத் தோளில் அனுப்பிய உத்தம ஊழியர் நம் மரியதாஸ்."

அவர் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"யார் ஆள் அனுப்பினாங்க?" என்றாள் மர்சலின்.

"வக்கீல்தாம்மா. அவர் தங்கமான மனுஷன். அனுப்பின ஆளே நான்தானே. காலையில எட்டு எட்டரைக்கு இந்த வாசல்லதான் நின்னு சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அதான் எழுதியிருக்கேனே."

"எழுதினது இல்ல. அவர் வாயால என்ன சொன்னாரு?"

ஆம்ப்ரோஸ் நினைத்துப் பார்த்துப் புன்னகை செய்தார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. "'வேணாம் அண்ணே'ன்னான். 'பொம்பளைங்க மேல சாஞ்சு அழுவாங்க, கை பட்டா அச்சு விழும், நாலு மணிக்குள்ள திரும்ப வெக்க முடியாது'ன்னான். நான் விடல. 'டேய், பொண்டாட்டிடா'ன்னேன். அதுக்கு, 'பியாட்ரிஸ் ஒண்ணும் கேக்க மாட்டா அண்ணே'ன்னான். எப்பேர்ப்பட்ட மனசு பாரு."

சந்து முனையில் ஒரு ரிக்‌ஷா மணி அடித்தது. வண்டி அடைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"தப்பு ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல பெரியப்பா. சரியாத்தான் இருக்கு."

"அப்ப அப்படியே படிச்சிடலாமா?"

"படிங்க. ஒரு வார்த்தை விடாமப் படிங்க."

அவர் காகிதத்தை நாலாக மடித்து மேல் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். மர்சலின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அதை டின்னுக்குள் போட்டாள். டின்னை மூடினாள். வாளித் தண்ணீரில் சோப்பைத் தேய்த்து முழங்கை வரைக்கும் கழுவினாள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. அதை அப்படியே விட்டாள்.

மண்ணாங்கட்டி பீடியை அணைத்துவிட்டு வந்தான்.

"இன்னா டீச்சரம்மா, இந்தப் பக்கம்?"

"போதும்."

"மணி ஒண்ணரைதான் ஆவுது. நெறைய டைம் கீது."

"போதும்னா போதும்."

"பாதி மூஞ்சிக்குப் பவுடர் போட்ட கணக்கா கீதே, சனங்க சிரிக்கமாட்டாங்களா? சரி, எனுக்காவது காட்டிக் குடு, நான் வெக்கிறேன். நைனா எனுக்கு எம்மாம் செஞ்சிருக்காரு..."

"அந்தப் பக்கத்தத் தொட்டே, வண்டி இந்த வாசல்லேர்ந்து நகராது."

அவள் சத்தம் போடவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு டின்னை எடுத்துக்கொண்டுபோய் ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில் வைத்தான்.

மூன்றரைக்குப் பெட்டியை ஏற்றினார்கள். கூடத்திலிருந்து வாசல்படி இறங்கும்வரை தங்கம் அத்தை தம்பியின் பேரைச் சொல்லி அழுதாள். மர்சலின் காலடியில் கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வழி செய்து கொடுத்தாள். கோயிலில் பூசை முக்கால் மணி நேரம். சாமியார் புதியவர். பெயரை ஒரு இடத்தில் மரியசூசை என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டார்.

பிறகு சாந்தோம் ரோட்டில் ஊர்வலம் தெற்கே நடந்தது. வண்டிக்கு இடப்புறம், நடைபாதையை ஒட்டி எல்லோரும் போனார்கள். அந்தப் பக்கம் வண்டியின் நிழல் இருந்தது. கறுப்பும் அந்தப் பக்கம்தான். கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

"பரவாயில்ல, டிரைவருக்கும் நல்லாத்தான் கறுப்பு வெச்சிருக்காங்க" என்று பின்னால் ஒரு பெண் சொன்னாள்.

"மகதான் வெச்சாளாம். கையாலேயே."

"குடுத்து வெச்சவரு."

மர்சலின் வலது பக்கம் நடந்தாள். மேற்கு வெயில் பக்கவாட்டில் முகத்தில் அடித்தது. பஸ்கள் புடவையை உரசிக்கொண்டு போயின. அந்தப் பக்கம் அவளைத் தவிர யாரும் இல்லை. வெளிறிய பட்டைகள் வெயிலில் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தன. ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த குழந்தை வண்டியைக் காட்டி ஏதோ கேட்டது. அதன் அம்மா அதன் கையை இழுத்து உள்ளே வைத்தாள்.

"இந்தப் பக்கம் நிழலுக்கு வாடி" என்று வண்டியின் பின்னாலிருந்து அத்தை கூப்பிட்டாள். "பஸ்ஸு வருதுடி, மர்சலின்!"

அவள் திரும்பவில்லை.

குழிமேட்டில் ஆம்ப்ரோஸ் ஒரு வார்த்தை விடாமல் படித்தார். பியாட்ரிஸ் அம்மாளின் இடம் வந்ததும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. ஒரு பெரியவர், "இந்தக் காலத்துல இப்படி யார் இருக்கா?" என்றார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தங்கம் அத்தை மர்சலின் தோளில் சாய்ந்து, "கேட்டியாடி, கேட்டியாடி" என்றாள். மர்சலின் கேட்டாள். மண் போடச் சொன்னபோது மூன்று கை போட்டாள்.

வெளியே வந்தபோது, வண்டியை மண்ணாங்கட்டி திருப்பி நிறுத்தியிருந்தான். கறுப்பு வைத்த பக்கம் கல்லறை வாசலைப் பார்த்திருக்கும்படி, யோசித்து நிறுத்தியிருந்தான். திரும்பிப் போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, யார் யார் வண்டியில் ஏறுவது, யார் பஸ்ஸில் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வயதானவர்கள் ஏறினார்கள். அத்தையை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள்.

மர்சலின் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். அங்கே ஒரு முள்வேலியும் அதற்கப்பால் ஆற்றின் சேறும்தான். கொக்குகள் நின்றன. கண்ணாடியைச் சுற்றியிருந்த பட்டையில் ரோட்டுப் புழுதி படிந்திருந்தது. அவள் முந்தானையின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு, மூலையிலிருந்து ஆரம்பித்து, ஒரே திசையில், அழுத்தி, மெதுவாக ஓட்டினாள். புழுதி போனது. அடியில் இருந்த சாம்பல் அப்படியே இருந்தது. அடுத்த விளிம்புக்குப் போனாள்.

"டீச்சரம்மா! ஏறிக்கினியா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

யாரோ, ஏறிவிட்டாள் என்று சொல்லியிருக்க வேண்டும். இன்ஜின் இருமி எழுந்தது. வண்டி நகர்ந்தது. மறைப்பு விலகி, கல்லறை வாசலில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் எதிரே தெரிந்தார்கள். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். முந்தானை சுற்றிய அவள் கை இன்னும் அந்த உயரத்திலேயே, ஒன்றும் இல்லாத இடத்தில் நீட்டியபடி இருந்தது.